சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே

டெஸ்டரின் நுனியைப் படத்தின் சட்டத்தில் வைத்தேன். அதன் பிடிக்குள் இருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் எரிந்தது.

வெளியே ஐப்பசி மழை. மாலை நான்கு மணிக்கே கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. சாப்பிட உட்காரும் மணைப் பலகையைச் சுவரோரம் போட்டு, அதன் மேல் ரப்பர் செருப்போடு ஏறி நின்றிருந்தேன். வீட்டுக்குள் செருப்புப் போட்டால் கமலாவுக்குப் பிடிக்காது. அவள் சமையலறையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் நான் கூடத்தில் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. மகள் சுதா உள்ளறையில் பரீட்சைக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

என் முகத்துக்கு முன்னால் தொங்கியது சுதா வரைந்த படம். அலுமினியச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் நான்கு பக்கமும் இருநூற்று முப்பது வோல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

மின்சாரத்தோடு இருபத்தைந்து வருடம் வேலை செய்தவன் நான். டவுன்ஷிப்பின் அந்தப் பகுதி வீடுகளுக்கெல்லாம் மின் பராமரிப்பு என் பொறுப்பில்தான் இருந்தது. அந்தப் படம் மாட்டியிருந்த ஆணியை அடித்தவன் நான்தான்.

ஒரு வாசகரின் கடிதம்

போன வாரம் இந்த இதழில் நான் ஓய்வுபெற்ற நாளைப் பற்றி எழுதியிருந்தேன். மாலை, சால்வை, பேச்சுகள். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "உங்களைப் போன்ற நேர்மையான அதிகாரிகள் இப்போது எங்கே?"

கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. இந்தத் தொடரில் எழுத வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்றை, அந்தக் கடிதத்துக்குப் பதிலாக இந்த வாரம் எழுதுகிறேன்.

ஆணியும் பற்பசையும்

நெய்வேலியில் எங்கள் வீடுகள் எங்களுடையவை அல்ல. குவார்ட்டர்ஸ். வேலை இருக்கும் வரை இருக்கலாம். ஓய்வுபெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். போகும்போது ஒருவர் வந்து சுவர்களைப் பார்ப்பார். ஆணி ஓட்டை இருந்தால் குறித்துக்கொள்வார்.

ஆனால் ஆணி அடிக்காத வீடு ஒன்றுகூட இல்லை. எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள். ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரி ஜன்னல், ஒரே வெள்ளைச் சுண்ணாம்பு. அது இன்னார் வீடு என்று காட்டுவது சுவரில் தொங்குவது மட்டும்தான். பக்கத்து வீட்டு நாகர்கோவில்காரர் கூடத்தில் இயேசுவின் திருஇருதயம். அதன் கீழே ஒரு சிவப்பு பல்பு. எதிர் வீட்டில் அம்மா அப்பா கல்யாண போட்டோவும், இறந்துபோன அண்ணன் போட்டோவும். மாடி வீட்டில் கண்ணாடிப் பாசியால் செய்த அன்னப்பறவை.

காலி செய்வதற்கு முந்தின நாள் எல்லோரும் செய்வது ஒன்றே. ஆணியைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையில் பற்பசையை அழுத்தி, மேலே சுண்ணாம்பைத் தடவுவது. காய்ந்தால் தெரியாது. பார்க்க வருகிறவரும் தன் வீட்டில் அதையே செய்திருப்பார். அதனால் உற்றுப் பார்க்க மாட்டார்.

சுவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மைன்ஸில் வெடி வைக்கும்போது ஜன்னல் கண்ணாடிகள் ஒருமுறை முணுமுணுக்கும். படங்கள் லேசாகச் சாயும். கமலா போகிறபோக்கில் ஒரு விரலால் நிமிர்த்திவிடுவாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசி வேறு. சட்டங்களின் மேல் விளிம்பில் இரண்டே நாளில் படிந்துவிடும். ஈரத் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் துடைத்தவர் அஞ்சலை. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து காலை ஆறு மணிக்கே வருவார். பாத்திரம், தரை, பிறகு படங்கள்.

பென்சில் கோடு

அந்த வருடம் எங்கள் பிளாக் முழுவதும் ஒயரிங் மாற்றினார்கள். அதுவரை சுவரின் மேல் மரப்பட்டி அடித்து, அதன் மேல் கம்பி ஓடும். கண்ணுக்குத் தெரியும், யாரும் அதன் மேல் ஆணி அடிக்க மாட்டார்கள். புது முறையில் சுவரைக் கொத்தி, குழாயைப் பதித்து, கம்பியை உள்ளே விட்டுப் பூசிவிடுவது. சுவர் அழகாக இருக்கும். எமன் எங்கே இருக்கிறான் என்று மட்டும் தெரியாது.

அதனால் நான் ஒரு சுற்றறிக்கை எழுதினேன். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, கூரை வரை, எக்காரணம் கொண்டும் ஆணி அடிக்கக் கூடாது. அந்த நேர்கோட்டில்தான் குழாய் போகிறது. கையெழுத்துப் போட்டு வீடு வீடாகக் கொடுக்கச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் குழாய் பதித்தவர் தேவசகாயம். அவரும் வடக்குத்துக்காரர், அஞ்சலையின் தெரு. பத்து வருடத்துக்கும் மேலாக கான்ட்ராக்ட் வேலை. அவருடைய அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போயிருந்தது. என்றாவது பர்மனென்ட் ஆகிவிடலாம் என்ற நம்பிக்கையில் இருந்த பல நூறு பேரில் அவரும் ஒருவர். வேலை சுத்தம். நூல் பிடித்து, சுவரில் பென்சில் கோடு போட்டுத்தான் உளியையே எடுப்பார்.

"அம்மா, இந்தக் கோட்ட நல்லாப் பாத்துக்கங்க. பூசிட்டா நானே கண்டுபுடிக்க முடியாது" என்றார் கமலாவிடம்.

"நாங்க எதுக்கு அங்க ஆணி அடிக்கப் போறோம்? சர்க்குலர் போட்டவர் வீடாச்சே."

"அதாங்க பயம். டாக்டர் வூட்ல தான் மாத்திர சாப்புட மாட்டாங்க."

கமலா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"உங்க வீட்ல படமெல்லாம் எப்படி மாட்டுவீங்க?" என்று சுதா கேட்டாள்.

"எங்க வூடு மண் சொவரு பாப்பா. ஆணி அடிச்சா அந்தாண்ட போய் எட்டிப் பாக்கும்."

குடையோடு நின்ற மனிதன்

சுதா பத்தாம் வகுப்பு. பள்ளியில் சுரங்கத்துக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்து ஒரு படம் வரைந்தாள். மழையில் ஈரமான கறுப்புக் குழி. நடுவில் பெரிய சக்கர இயந்திரம். அதன் காலடியில், எறும்பு போல, குடை பிடித்த ஒரு மனிதன்.

"யாரும்மா இது?" என்று கேட்டேன்.

"யாருமில்லப்பா. மெஷின் எவ்ளோ பெருசுன்னு தெரியணும்ல. அதுக்காக."

பள்ளிக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. மெயின் பஜாரில் அலுமினியச் சட்டம் போட்டு வாங்கி வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கே மாட்டுவது என்று மூவரும் கூடத்தில் நின்றோம். ஒரு சுவரில் அலமாரி, ஒரு சுவரில் ஜன்னல், ஒரு சுவரில் டிவி. வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படும் காலியிடம் ஒன்றுதான் இருந்தது.

"அங்கதாம்ப்பா நல்லாருக்கும்" என்றாள் சுதா.

"ஏங்க, அது போர்டுக்கு மேல" என்றாள் கமலா.

"தெரியும்."

"சர்க்குலர் ஊருக்கு மட்டும்தானா?"

"ஒன்றரை இஞ்ச் ஆணி. பூச்சே ஒரு இஞ்ச் இருக்கும். குழாய் அதுக்கும் உள்ள. எனக்குத் தெரியாதா?"

இந்த 'எனக்குத் தெரியாதா' என்ற சொல்லை என் வாழ்க்கையில் அதிகம் சொல்லியிருக்கிறேன். சுத்தியலை எடுத்து நான்கு அடி அடித்தேன். கடைசி அடியில் ஆணி கொஞ்சம் இளகி உள்ளே போனது. சுவருக்குள் ஏதோ வெறுமையாக இருப்பது கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் நைலான் கயிற்றில் மாட்டினேன். இரண்டு மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. வெடியதிர்ச்சியில் கயிறு தளர்ந்து படம் சாய்ந்துகொண்டே இருந்தது. இது சரிப்படாது என்று ஒருநாள் கயிற்றை எடுத்துவிட்டுக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கினேன்.

ஆணியிலிருந்து சட்டத்துக்கு மின்சாரம் இறங்க ஒரு பாதை வேண்டியிருந்தது. அதையும் என் கையாலேயே கட்டிக் கொடுத்தேன்.

"இந்தப் படம் கடிக்குதுங்க"

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கேன்டீனில் மேசை மின்விசிறியை நகர்த்தப் போன ஒருவர் அதைப் பிடித்தபடியே இறந்தார். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவர் விரல்களைப் பிரிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. உள்ளங்கையில் மின்சாரம் பாய்ந்தால் கை தானாக மூடிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. அதனால்தான் எங்கள் தொழிலில் சந்தேகமான எதையும் புறங்கையால் தொடுவோம். புறங்கையில் பட்டால் கை தானே விலகிவிடும்.

அஞ்சலைக்கு இதெல்லாம் யார் சொல்வது?

மழை தொடங்கிய வாரம். நான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் கமலாவிடம் சொல்வது காதில் விழுந்தது.

"அம்மா, இந்தப் படம் கடிக்குதுங்க."

"படம் எங்கயாவது கடிக்குமா அஞ்சல? உன் கை வெடிப்புல சோப்பு எரியுது."

"சோப்புன்னா பாத்தரம் தேய்க்கறப்பவும் எரியுமில்லம்மா? இது சுர்ருன்னு தோள்பட்ட வரிக்கும் ஏறுது. சட்டத்துல கை பட்டாத்தான்."

"சரி, நாளைக்குப் பாத்துக்கலாம் விடு."

பேப்பரின் எழுத்துகள் எனக்கு மங்கின. அவர் துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டுப் போகும்வரை அசையாமல் இருந்தேன். அன்று மாலைதான் டெஸ்டரை எடுத்தேன்.

விளக்கு எரிந்தது. ஆணி குழாயைத் துளைத்து, கம்பியின் உறையைக் கிழித்திருக்கிறது. மழைக்கு முன் தரை காய்ந்திருந்தபோது கடிக்காதது, மழையில் தரையும் துணியும் ஈரமானதும் கடிக்க ஆரம்பித்திருக்கிறது. இப்போது வீடுகளில் இருக்கும், கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் டிரிப்பர் அன்று எங்கள் வீடுகளில் கிடையாது.

மெயின் சுவிட்ச் எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது.

அதை இறக்கியிருக்கலாம். இறக்கினால் கிரைண்டர் நிற்கும். கமலா வெளியே வருவாள். ஏன் என்று கேட்பாள். 'எனக்குத் தெரியாதா' என்று சொன்ன வாயால் நான் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நின்றபோது வாசலில் ஜீப் வந்தது. மழையில் ஒரு பிளாக் முழுக்க மின்சாரம் போய்விட்டதாம்.

செருப்பை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். போகும்போது சமையலறை வாசலில் நின்று, "சுதா படத்தை யாரும் தொடாதீங்க. கண்ணாடில விரிசல் விட்டிருக்கு. வந்து பாக்கறேன்" என்றேன்.

உண்மையைச் சொல்லாவிட்டாலும் எச்சரித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். வேலை முடிந்து திரும்பியபோது பொழுது புலரும் நேரம். உடம்பெல்லாம் ஈரம். எழுந்ததும் முதல் வேலையாக மெயினை இறக்க வேண்டும் என்று நினைத்தபடி படுத்தேன். தூங்கிவிட்டேன்.

அஞ்சலையிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஏழு மணி

ஒரு சத்தம் கேட்டது. நெல் மூட்டையைத் தரையில் போட்டது போல.

கூடத்துக்கு ஓடினேன். அப்போதுதான் துடைத்த தரை பளபளத்தது. அஞ்சலை டீப்பாயின் மேல் சரிந்து கிடந்தார். வலது கை அவருக்குக் கீழே மடங்கியிருந்தது. ஈரத் துணி அவர் பக்கத்தில் கிடந்தது. படம் அதன் இடத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கமலா ஓடி வந்தாள். "தொடாதே" என்று கத்தினேன். அஞ்சலை விடுபட்டுக் கிடக்கிறார் என்பது அதற்கு அப்புறம்தான் புத்தியில் ஏறியது.

உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து கமலாவைப் பார்த்தார். "நேத்தே சொன்னேங்கம்மா" என்றார்.

நாகர்கோவில்காரர் ஸ்கூட்டரை எடுக்க, கமலா பின்னால் உட்கார்ந்து அஞ்சலையை அணைத்துப் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "நீங்க வரல?" என்று கமலா கேட்டாள். "லைனை சேஃப் பண்ணணும்" என்றேன்.

மெயினை இறக்கினேன். படத்தை எடுத்து உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கட்டிங் பிளேயரால் ஆணியைப் பிடுங்கி, கொல்லையில் மழைத் தண்ணீர் ஓடும் சாக்கடைக்குள் போட்டேன். பிறகு குளியலறைக்குப் போய்ப் பற்பசையை எடுத்து வந்தேன்.

சுதா உள்ளறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. நான் சுவரில் தடவுவதைப் பார்த்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

அஞ்சலைக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. உள்ளங்கையில் தீக்காயம்.

"அப்படியே எழுதிடவா சார்?"

மின் விபத்து என்றால் விசாரணை உண்டு. என் கீழே வேலை பார்த்த ஜூனியர் இன்ஜினியர் ரவிச்சந்திரன் வந்தார். கம்பியை இழுத்து வெளியே எடுத்தார். ஓரிடத்தில் உறை கிழிந்து கறுத்திருந்தது.

"படம் எதுல சார் மாட்டியிருந்தது?"

"மாட்டல. போர்டு மேல சாத்தி வெச்சிருந்தோம்."

ரவிச்சந்திரன் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டைப் பார்த்தார்.

"கம்பி இழுக்கும்போதே இன்சுலேஷன் உரிஞ்சிருக்கு போல சார். இந்த பிளாக் தேவசகாயம் பண்ணது. வேலைல கவனக்குறைவு. அப்படியே எழுதிடவா சார்?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கமலா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எழுதுங்க" என்றேன்.

அவர் போனபின் கமலா வந்தாள். "அந்தாளுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது.

பற்பசை வாசனை

மூன்றாம் நாள் மதியம் சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. தேவசகாயம். செருப்பை வாசலிலேயே கழற்றினார்.

"ஐயா, ஒரு தபா பாத்துட்டுப் போவட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

அவர் போர்டின் முன்னால் நின்றார். இடது புறங்கையைச் சுவரில் வைத்து, மெதுவாக மேலே நகர்த்தினார். காய்ச்சல் பார்ப்பது போல இருந்தது. கை ஓரிடத்தில் நின்றது. முகத்தைச் சுவரருகே கொண்டு போனார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஐயா, இங்க பேஸ்ட்டு வாசன வருதுங்க."

"முன்ன குடியிருந்தவங்க அடைச்சிருப்பாங்க."

"நான் பூசி, வெள்ள அடிச்சி எட்டு மாசந்தாங்க ஆவுது."

கமலா தண்ணீர்ச் சொம்போடு வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"படத்த போர்டு மேல சாத்தி வெச்சிருந்ததா சொன்னாங்க" என்றார் அவர். "இந்த போர்டு சொவரோட சொவரா கீதுங்க. நான்தான் பதிச்சேன். இதும்மேல ஒரு தீப்பெட்டி கூட நிக்காதுங்களே ஐயா."

"விசாரணை நடக்கும்போது நான் எதுவும் பேசக் கூடாது, தேவசகாயம்."

"அந்த விசாரணையே நீங்கதானுங்களே."

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"லிஸ்ட்டுல என் பேரு வந்துக்குதுங்க. இந்த தபா பர்மனென்ட் ஆயிடும்னு சொல்லிகினு இருக்காங்க. இந்த ரிப்போர்ட்டு மேல போச்சின்னா அடிச்சிடுவாங்க. அஞ்சலக்கா வூட்ல வேற, நான்தான் அந்தக் கைய ஒடச்சேன்னு பேசிகினு இருக்குதுங்க. ஐயா பாத்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"பாக்கறேன்" என்றேன். அதிகாரிகள் 'முடியாது' என்பதற்குச் சொல்லும் சொல் அது. அவருக்கும் அது தெரியும்.

கமலா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"அம்மா, அந்த ஓட்டைய பேஸ்ட்டோட வுட்றாதீங்க. மழக்காலம். ஈரம் உள்ள எறங்கும். சிமென்ட்டு வெச்சி அடைக்கச் சொல்லுங்க. பாப்பா கை வெக்கிற எடம்."

அன்று மாலை அறிக்கை என் மேசைக்கு வந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். சுற்றறிக்கை போட்டவனே மீறினான் என்று டவுன்ஷிப் முழுக்கச் சிரிக்கும். வரவேண்டிய பதவி உயர்வு நிற்கும். ஆதாரத்தை அழித்தேன் என்று வழக்குக்கூட வரலாம். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்றும் எண்ணினேன். எனக்கு ஒன்றும் ஆகாது.

கையெழுத்துப் போட்டேன்.

பிறகு

தேவசகாயத்தின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. கான்ட்ராக்டரும் அவரை நிறுத்திவிட்டார். ஊரை விட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அஞ்சலையின் கை சற்றுக் கோணலாகக் கூடியது. எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பஜாரில் இடது கையில் பையோடு அவர் வருவதைப் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

சுதா படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துச் சுருட்டி வைத்தாள். இன்றுவரை அதை எங்கும் மாட்டவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. கமலாவும் நானும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மழை நாட்களில் அவள் எந்தச் சுவர்ப் பக்கம் போனாலும் என் கண் அவள் கையையே பார்க்கும். கூரியர்காரர் வந்தால் பயம். சைக்கிள் மணி அடித்தால் பயம். யாராவது வீட்டுக்கு வந்து, "அட, இந்தச் சுவரை ஏன் சார் மொட்டையா விட்டிருக்கீங்க?" என்று கேட்டால், அன்று சாப்பாடு இறங்காது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது பார்க்க வந்தவர் எல்லா அறைகளையும் சுற்றிவிட்டு, "இவ்ளோ சுத்தமா யாருமே குடுத்ததில்ல சார்" என்று பாராட்டினார்.

நெல்லிக்குப்பம்

ஓய்வுபெற்றுச் சில வருடம் கழித்து, தேவசகாயம் நெல்லிக்குப்பத்தில் இருப்பதாகத் தெரிந்தது. தனியாக பஸ் ஏறினேன். கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. ஊருக்குள் நுழையும்போதே ஆலையின் புளித்த இனிப்பு வாசனை. இரண்டு முறை இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன்.

சின்னக் கடை. மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அது எனக்கு அடித்தது போல இருந்தது.

"ஆணி நான்தான் அடிச்சேன்" என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த முன்னுரை எதுவும் வாயில் வரவில்லை.

"தெரியுங்க."

"அன்னைக்கே ஏன் மேல போய்ச் சொல்லல?"

"யார் கிட்டங்க? எங்க போனாலும் அந்தக் காயிதம் உங்க மேசைக்குத்தான வரும்."

கையிலிருந்த செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே பேசினார். "வேல போனது போச்சிங்க. இப்பவும் சோறு துன்றேன். அஞ்சலக்கா வூடுதாங்க மனசுல நிக்குது. அது பெரிய பொண்ணு கல்யாணத்துக்குத் தெருவுல எல்லாத்துக்கும் பத்திரிக்க வெச்சிது, எங்க வூட்டத் தவுர. எங்க வூட்டுக்காரி அன்னிக்குப் பூரா அடுப்பு பத்த வெக்கல. நானும் அதுவும் சின்ன வயசுல ஒண்ணா வெளாண்டவங்க. அந்தக்கா இன்னும் நான்தான் கைய ஒடச்சேன்னு நெனச்சிகினு இருக்குது."

"நான் என்ன செய்யணும்?"

"மூணு வரி எழுதிக் குடுங்க. ஆணி நீங்க அடிச்சது, என் வேல சுத்தம், கீழ உங்க கையெழுத்து. நான் போய்க் காட்டிக்கறேன்."

கடையில் பில் புத்தகம் இருந்தது. பேனா இருந்தது. அவரே எடுத்து என் முன்னால் வைத்தார்.

கையெழுத்திட்ட காகிதம் யார் யார் கைக்குப் போகும்? பென்ஷன்? சுதாவின் மாமனார் வீடு? "இங்க வேணாம். வீட்டுக்குப் போய் ஒழுங்கா எழுதி அனுப்பறேன்" என்றேன்.

அவர் பில் புத்தகத்தை மூடினார். "சரிங்க ஐயா" என்றார். டீ வாங்கித் தந்தார். பஸ் வரும் வரை நின்று, ஏற்றிவிட்டுத்தான் போனார்.

நான் எழுதவில்லை. ஒரு மழைக்காலம் போய் இன்னொன்று வந்தது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். கமலாவும் இல்லை.

நேற்று அந்த மூன்று வரிகளை வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்திட்டு, தேவசகாயத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவருக்குப் பதிலாக நானே அதை அஞ்சலைக்கும் சொல்ல வேண்டும். அவர் வீட்டு வாசலில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை, அதையும் மறைக்கவில்லை. அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. வடக்குத்தில் இந்த இதழ் வாங்குகிறவர் யாராவது அவருக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டுகிறேன். கீழே உள்ள மூன்று வரிகளில் நடுவில் இருப்பது தேவசகாயம் கேட்காதது. அவருக்கும் தெரியாது, கமலாவுக்கும் கடைசிவரை தெரியாது.

அஞ்சலை, சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே ஆணி அடித்தது நான்.

அந்தப் படத்தில் மின்சாரம் இருப்பது, உங்கள் கை ஒடிவதற்கு முந்தின நாளே எனக்குத் தெரியும்.

தேவசகாயத்தின் வேலையில் ஒரு குறையும் இல்லை.